ஜிப் (கோப்பு வடிவம்)

ஜிப் என்பது ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட கோப்புகளைச் சுருக்கி ஒரே கோப்பாகப் பொதிந்து வைக்கப் பயன்படும் கோப்பு வடிவம் ஆகும். அமெரிக்காவின் பிகேவேர் நிறுவனத்தைச் சேர்ந்த பில் காட்ஸ் 1989 ஆம் ஆண்டு இதனை அறிமுகப்படுத்தினார். இவ்வாறு உருவாகும் கோப்பு பொதி, சுருக்கக் கோப்பு, ஜிப் கோப்பு எனப் பல பெயர்களால் வழங்கப்படுகிறது. பேச்சுவழக்கில் சுருக்குதல் "ஜிப் செய்தல்" எனவும், பொதியிலிருந்து கோப்புகளைப் பிரித்தெடுத்தல் "அன்ஜிப் செய்தல்" எனவும் குறிக்கப்படும்.

தனிமேசைக் கணினிகளில் மிகப் பரவலாகப் பயன்படும் பொதி வடிவம் இதுவே. ஆயினும் பயனர்கள் மிகுதியாகக் குறைகூறும் வடிவங்களுள் இதுவும் ஒன்று. திறக்க மறுக்கும் பொதி, சுருங்காத படங்கள், உருக்குலைந்த கோப்புப் பெயர் ஆகியன பொதுவான முறையீடுகள். தமிழ்ப் பயனர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு: தமிழில் பெயரிட்ட கோப்பை ஜிப் பொதிக்குள் ஒழுங்காக வைத்து எடுப்பது நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது.

வரலாறு

1980களில் தனிமேசைக் கணினிகளில் ஆர்க் என்னும் பொதி வடிவம் பரவியிருந்தது. அதனை உருவாக்கியவர் சிஸ்டம் என்ஹான்ஸ்மென்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தின் தோம் ஹென்டர்சன். பில் காட்ஸ் அதே வடிவத்தைக் கையாளும், ஆனால் அதைவிட விரைவாக இயங்கும் பிகேஆர்க் என்ற மென்பொருளை எழுதி வெளியிட்டார். 1988 இல் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, அதே ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் காட்ஸ் ஆர்க் வடிவத்தைக் கைவிட்டுப் புதிய வடிவம் ஒன்றை வகுத்தார். அதுவே ஜிப். அதன் விவரக்குறிப்பை எவரும் பயன்படுத்தலாம் என அவர் வெளியிட்டதே ஜிப்பின் பரவலுக்கு முதன்மைக் காரணம் எனலாம். பில் காட்ஸ் 2000 ஏப்ரல் 14 அன்று தம் 37 ஆம் அகவையில் காலமானார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளான "பிகே" இன்றும் ஒவ்வொரு ஜிப் பொதியின் உள்ளேயும் கோப்புத் தலைப்புகளின் முதல் இரு பைட்டுகளாக உள்ளன. ஐயத்திற்குரிய ஒரு கோப்பை எளிய உரைத்தொகுப்பியில் திறந்து, தொடக்கத்தில் இவ்விரு எழுத்துகளும் உள்ளனவா எனப் பார்த்து அது ஜிப்பா இல்லையா என அறியலாம்.

1991 இல் நிக்கோ மாக் உருவாக்கிய வின்ஜிப், விண்டோஸ் பயனர்களிடையே ஜிப்பைக் கொண்டு சேர்த்தது. 1993 இல் வெளிவந்த பிகேஜிப் 2 ஆம் பதிப்பு, டிஃப்ளேட் என்னும் சுருக்க முறையை அறிமுகப்படுத்தியது. 2001 இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, தனி மென்பொருள் இன்றியே ஜிப் பொதிகளைத் திறக்கும் வசதியைக் கொண்டிருந்தது. யூஜின் ரோஷல் 1993 இல் உருவாக்கிய ரார், ஈகோர் பாவ்லொவ் 1999 இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருளான 7-ஜிப் ஆகியன பின்னர் வந்த முக்கியப் போட்டிகள். இவை ஜிப்பைவிடச் சிறப்பாகச் சுருக்கினாலும் ஜிப்பின் இடத்தைப் பிடிக்கவில்லை. பெறுபவரின் கணினியில் எது திறக்குமோ அதையே அனுப்புவர் என்பதே இதற்குக் காரணம்.

சுருக்கும் முறை

டிஃப்ளேட் இரண்டு உத்திகளின் கூட்டு. முதலாவது, ஆபிரகாம் லெம்பல், யாக்கோபு சிவ் ஆகியோர் 1977 இல் வெளியிட்ட முறை. ஒரு தொடர் முன்னரே வந்திருந்தால் அதனை மீண்டும் எழுதாமல், "இத்தனை பைட்டு பின்னே சென்று இத்தனை பைட்டு எடுத்துக்கொள்" என்று மட்டும் இது குறித்து வைக்கும். இரண்டாவது, டேவிட் ஹஃப்மன் 1952 இல் வெளியிட்ட முறை. இது அடிக்கடி வரும் குறிகளுக்குக் குறைந்த பிட்டுகளையும் அரிதாக வருவனவற்றுக்கு மிகுந்த பிட்டுகளையும் ஒதுக்கும்.

டிஃப்ளேட் பின்னோக்கிப் பார்க்கக்கூடிய தொலைவு 32,768 பைட்டுகள் மட்டுமே. ஆங்கில உரையில் இது ஏறத்தாழ 32,768 எழுத்துகள். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 குறியேற்றத்திலோ ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளியும் 3 பைட்டுகளைக் கொள்வதால் அதே தொலைவு தமிழில் 10,922 புள்ளிகளாகக் குறைந்துவிடும். எனினும் தமிழ் உரை ஜிப்பில் நன்றாகவே சுருங்குகிறது. அந்த மூன்று பைட்டுகளில் முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. இவ்வாறு திரும்பத் திரும்ப வருவனவற்றை நீக்குவதே சுருக்க முறையின் பணி. ஆகவே "ஒருங்குறியில் தமிழ் மூன்று மடங்கு இடம் பிடிக்கிறது" என்று ஒருகாலத்தில் எழுந்த முறையீடு, சுருக்கிய கோப்பைப் பொறுத்தவரை பெரும்பாலும் வலுவிழந்துவிடுகிறது.

ஒளிப்படங்களுக்கான ஜேபெக், இசைக்கான எம்பி3, நிகழ்படக் கோப்புகள் முதலியன ஏற்கனவே சுருக்கப்பட்டவை. அவற்றில் திரும்ப வரும் தொடர்கள் எஞ்சியிருப்பதில்லை. எனவே அவற்றை ஜிப் செய்தால் அளவு குறையாது. சில வேளை சற்றுக் கூடவும் கூடும். வருடி எடுத்த தமிழ் நூல்களின் பிடிஎஃப் கோப்புகளுக்கும் இது பொருந்தும். மைக்ரோசாப்ட் வேர்டின் டாக்எக்ஸ், ஓப்பன் ஆபிஸின் ஓடிடி, மின்னூல்களுக்கான இபப், ஆண்ட்ராய்டு செயலிகளின் ஏபிகே ஆகியவை உண்மையில் வேறு பெயர் பூண்ட ஜிப் பொதிகளே. திறக்க மறுக்கும் டாக்எக்ஸ் கோப்பின் பெயரிலுள்ள நீட்சியை ஜிப் என மாற்றிப் பிரித்தால், உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து உரையையாவது மீட்கும் வாய்ப்பு உண்டு.

பாதியில் நின்ற பதிவிறக்கம்

ஜிப் பொதியில் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் இறுதியில் அமைந்துள்ளது. ஏற்கனவே உள்ள பொதியில் புதிய கோப்பைச் சேர்ப்பது இதனால் எளிதாகிறது. நெகிழ்வட்டுக் காலத்தில் இது நல்ல முடிவு. பட்டியலுக்கும் பின்னால் குறைந்தது 22 பைட்டுகள் கொண்ட முடிவுக் குறிப்பு ஒன்று வரும். பொதியைத் திறக்கும் மென்பொருள் முதலில் இதைத்தான் தேடும்.

இதன் விளைவை மிகுதியாக உணர்ந்தவர்கள் தொலைபேசி இணைப்பு வழி இணையத்தைப் பயன்படுத்தியவர்கள். நொடிக்கு 56 கிலோபிட்டு வேகம் முழுமையாகக் கிடைத்தாலும் 10 மெகாபைட்டுப் பொதி ஒன்றைப் பதிவிறக்க ஏறத்தாழ 25 நிமிடங்கள் ஆகும். முழு வேகம் ஒருபோதும் கிடைத்ததில்லை. பிஎஸ்என்எல் 2005 இல் அகன்றவரிசைச் சேவையைத் தொடங்கிய பின்னரும், தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி போன்ற சிற்றூர்களில் பலருக்கு உலாவல் நிலையங்களே இணையத்தின் வாயில். அங்கே இணைப்பு அறுந்தாலோ மின்சாரம் போனாலோ 95 விழுக்காடு இறங்கிய பொதியும் திறக்காது. உள்ளே பெரும்பாலான கோப்புகள் முழுமையாக இருந்தும், பட்டியல் இல்லாமையால் மென்பொருள் பொதி முழுவதும் பழுது என்று அறிவித்துவிடும்.

அறிவிப்பு அவ்வாறு வந்தாலும் நிலைமை அவ்வளவு மோசமன்று. ஒவ்வொரு கோப்பின் முன்னும் தனித் தலைப்பு ஒன்று உள்ளது. அதில் பெயரும், பெரும்பாலும் அளவும் உண்டு. பழுதுநீக்கும் கருவிகள் பொதியைத் தொடக்கத்திலிருந்து படித்து, இத்தலைப்புகளைக் கொண்டு பட்டியலை மீண்டும் உருவாக்குகின்றன. 2008 இல் வெளியான இன்ஃபோ-ஜிப் குழுவின் ஜிப் 3.0 இல் இவ்வசதி உள்ளது. கடைசியாக அறுபட்ட கோப்பு மட்டுமே இழப்பாகும். மீட்ட ஒவ்வொரு கோப்பும் சரியானதா என்பதை, அதனுடன் பதிந்துள்ள சிஆர்சி-32 சரிபார்ப்பு எண் காட்டிக்கொடுக்கும்.

பல நெகிழ்வட்டுகளில் பரப்பி வைத்த பொதிகளுக்கு இத்தகைய மீட்பு அரிது. 1.44 மெகாபைட்டு வட்டுகள் பத்தில் கடைசி வட்டு பழுதானால் பட்டியலே போய்விடும்.

கோப்புப் பெயர்களும் தமிழும்

1989 இல் ஜிப் வகுக்கப்பட்டபோது கோப்புப் பெயர்கள் ஐபிஎம் கணினியின் 437 ஆம் குறிப்பக்கத்தில் எழுதப்படும் எனக் கொள்ளப்பட்டது. அதில் இடம் 256 குறிகளுக்கு மட்டுமே. பிற மொழிக் கணினிகளில் தயாரித்த மென்பொருள்கள் அந்தந்த நாட்டுக் குறிப்பக்கத்தையே பெயருக்கும் பயன்படுத்தின. எந்தக் குறிப்பக்கம் என்பதைப் பொதியில் குறித்து வைக்க இடமில்லை. ஆதலால் சப்பானியக் கணினியில் செய்த பொதி மற்றொரு சப்பானியக் கணினியில் ஒழுங்காகத் திறந்தது. உருசியாவில் மட்டும் உருக்குலைந்தது.

தமிழின் நிலை இதனினும் கடினமானது. விண்டோஸ் 2000 இல் தமிழ் ஆதரவு வந்தபோது அது ஒருங்குறி வழியாக மட்டுமே வந்தது. இந்தி, தமிழ் ஆகிய மொழிகளுக்கென விண்டோஸில் இயங்குதளத்தின் இயல்நிலைக் குறிப்பக்கமாக அமையத்தக்க 8-பிட்டுக் குறிப்பக்கம் எதுவும் இல்லை. தகுதரம், தாம், தாப் போன்ற 8-பிட்டுக் குறியேற்றங்கள் எழுத்துரு அளவிலேயே இயங்கின. இயங்குதளம் அவற்றை அறியாது. எனவே சப்பானியருக்கு வேற்று நாட்டுக் கணினியில் மட்டும் ஏற்பட்ட இடர், தமிழருக்குத் தம் சொந்தக் கணினியிலேயே ஏற்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பியின் உள்ளமைந்த ஜிப் வசதியில் தமிழ்ப் பெயருடைய கோப்பைச் சேர்க்க முயன்றால், சுருக்கிய அடைவில் பயன்படுத்த இயலாத எழுத்துகள் பெயரில் உள்ளன, பெயரை மாற்றவும் என்ற செய்தியே கிடைத்தது. விண்டோஸ் விஸ்டாவிலும் 7 இலும் இந்நிலை தொடர்ந்தது. தமிழ் ஆவணங்களுக்கும்கூட உரோமன் எழுத்தில் பெயரிடும் வழக்கம் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

2006 செப்டம்பரில் பிகேவேர் வெளியிட்ட 6.3.0 ஆம் விவரக்குறிப்பில் இதற்குத் தீர்வு கிடைத்தது. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் உள்ள பொதுக் கொடிகளில் 11 ஆம் பிட்டு 1 ஆக இருப்பின் அக்கோப்பின் பெயர் யூடிஎஃப்-8 இல் உள்ளது எனப் பொருள். 7-ஜிப், இன்ஃபோ-ஜிப் முதலியன இதனை ஏற்றன. 2009 இல் வந்த அன்ஜிப் 6.0 லினக்ஸ் கணினிகளுக்கு இவ்வசதியைத் தந்தது. விண்டோஸின் உள்ளமைந்த வசதி 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 இல்தான் தமிழ்ப் பெயர்களை ஏற்கத் தொடங்கியது. தீர்வு எழுதப்பட்டதற்கும் அது பெரும்பாலோர் மேசைக்கு வந்ததற்கும் இடையே ஆறு ஆண்டுகள்.

இந்த இடைவெளியில்தான் தமிழ்நாட்டில் பெருந்தொகை மாணவர்கள் கையில் கணினி வந்து சேர்ந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் வழங்கப்பட்டன. ஒரே மடிக்கணினியில், லினக்ஸ் பக்கம் இருந்தபடி தமிழ்ப் பெயருடன் செய்த பொதியை விண்டோஸ் பக்கம் சென்று உள்ளமைந்த வசதியில் திறந்தால் பெயர் உருக்குலையும்.

உருக்குலைந்த பெயரை அறிதல்

உருக்குலைவு ஒரே வகையானதன்று. மீட்கக்கூடியது எது, மீட்க இயலாதது எது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறியலாம்.

"ஆண்டிபட்டி" என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழ் இலக்கணப்படி இதில் 6 எழுத்துகள். ஒருங்குறியில் ஆ, ண, புள்ளி, ட, இகரக்குறி, ப, ட, புள்ளி, ட, இகரக்குறி என 10 குறியீட்டுப் புள்ளிகள். யூடிஎஃப்-8 இல் 30 பைட்டுகள். (தமிழ்நாடு அரசு 2010 இல் ஏற்ற 16-பிட்டு அனைத்தெழுத்துக் குறியேற்றத்தில் இதே பெயர் 12 பைட்டுகள், ஆனால் அது ஒருங்குறி அவையத்தில் ஏற்கப்படவில்லை.) இந்த 30 பைட்டுகளை 437 ஆம் குறிப்பக்கமாகப் படித்தால், 224 என்பது கிரேக்க எழுத்தான ஆல்ஃபாவாகவும், 174 இடப்புறம் நோக்கிய இரட்டைக் கோண மேற்கோள்குறியாகவும், 175 வலப்புறம் நோக்கிய அதே குறியாகவும் தோன்றும். ஆகவே "ஆண்டிபட்டி" என்பது பத்து ஆல்ஃபாக்கள் கொண்ட தொடராகத் திரையில் வரும். அவற்றுள் எட்டை அடுத்து இடக்குறியும், புள்ளி வந்த இரண்டை அடுத்து வலக்குறியும் நிற்கும். ஆல்ஃபாவும் கோணக்குறியும் மாறிமாறி வரும் கோப்புப் பெயர் பெரும்பாலும் தமிழ்ப் பெயரே என்று துணியலாம். பைட்டுகள் எதுவும் அழியவில்லை; தவறாகப் படிக்கப்பட்டுள்ளன, அவ்வளவே. உபுண்டு லினக்ஸின் அன்ஜிப்பில் உள்ள குறியேற்றத் தெரிவைப் பயன்படுத்தி யூடிஎஃப்-8 என அறிவித்தால் பெயர் திரும்பக் கிடைக்கும்.

பெயர் முழுவதும் வினாக்குறிகளாக இருப்பின் நிலைமை வேறு. பொதி செய்த மென்பொருள் தமிழ் எழுத்துகளைத் தன் குறிப்பக்கத்தில் தேடி, கிடைக்காமல், ஒவ்வொன்றின் இடத்திலும் வினாக்குறியை எழுதிவிட்டது என்பது பொருள். இதிலிருந்து பழைய பெயரை எவராலும் மீட்க இயலாது. மேலும் விண்டோஸில் கோப்புப் பெயரில் வினாக்குறி வரக்கூடாது என்பதால், பிரிக்கும்போது அவை அடிக்கோடுகளாக மாற்றப்படும். ஒரே எண்ணிக்கையில் எழுத்துகள் கொண்ட இரு தமிழ்ப் பெயர்கள் இவ்வாறு ஒரே பெயராகி, ஒன்றின்மேல் மற்றொன்று எழுதப்படும் இடரும் உண்டு. "மேலெழுதவா?" என்ற வினா வந்தால் இல்லை என விடையளிப்பதே பாதுகாப்பு. கோப்பின் உள்ளடக்கம் இவ்விரு வகையிலும் கெடுவதில்லை.

மாக் கணினிகளில் உருவான பொதிகள்

ஆப்பிளின் உள்ளமைந்த பொதிக் கருவி நெடுங்காலம் பெயர்களை யூடிஎஃப்-8 இல் எழுதியும் 11 ஆம் பிட்டை அமைக்காமல் விட்டது. அதனால் மாக் கணினியில் செய்த பொதிகள் விண்டோஸில் மேற்கூறிய ஆல்ஃபாத் தொடர்களாகத் தோன்றின.

மற்றொரு சிக்கல் கண்ணுக்குப் புலப்படாதது. மாக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் ஒருங்குறியில் ஒரே புள்ளியாகவும், இரண்டு புள்ளிகளாகப் பிரித்தும் எழுதத்தக்கவை. "தேனி", "கம்பம்", "பெரியகுளம்" ஆகிய பெயர்களில் இவை இல்லை. அவை எங்கும் ஒன்றே. "போடி" என்பதில் ஓகாரக்குறி உள்ளது. மாக் கணினியிலிருந்து வரும்போது அது ஏகாரக்குறியும் துணைக்காலுமாகப் பிரிந்திருக்கும். திரையில் வேறுபாடு சிறிதும் தெரியாது. ஆனால் விண்டோஸோ லினக்ஸோ இவற்றை இரு வேறு பெயர்களாகவே கருதும். ஒரே அடைவில் "போடி" என இரு கோப்புகள் காணப்படுவதற்கும், கண்முன் இருக்கும் கோப்பைத் தேடல் காட்டாமல் போவதற்கும் இது காரணமாகலாம். 2017 இல் அறிமுகமான ஏபிஎஃப்எஸ், பெயரைக் கொடுத்தவாறே சேமிக்கிறது.

அளவு வரம்புகள்

மூல ஜிப் வடிவில் ஒரு கோப்பின் அளவு 4 கிகாபைட்டுக்குள்ளும், கோப்புகளின் எண்ணிக்கை 65,535க்குள்ளும் இருத்தல் வேண்டும். 2001 இல் வந்த ஜிப்64 நீட்டிப்பு இவ்வரம்பை நீக்கியது. விண்டோஸ் எக்ஸ்பி இதனை அறியாது.

கோப்புகளின் பெயர்கள் பொதிக்குள் சுருக்கப்படுவதில்லை. ஒவ்வொரு பெயரும் கோப்பின் தலைப்பில் ஒருமுறையும் பட்டியலில் ஒருமுறையும் எழுதப்படும். தலைப்புக்கு 30 பைட்டு, பட்டியல் பதிவுக்கு 46 பைட்டு, "ஆண்டிபட்டி" என்ற பெயருக்கு இருமுறை 30 பைட்டு எனக் கூட்டினால், வெற்றுக் கோப்பு ஒன்றுக்கே 136 பைட்டுகள் செலவாகும். மிகச் சிறிய கோப்புகள் பலவற்றை ஜிப் செய்யும்போது பொதி மூலத்தைவிடப் பெரிதாவது இதனாலேயே. ஜிப் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்குகிறது என்பது இன்னொரு காரணம். லினக்ஸில் வழங்கும் டார்-ஜிஜிப் முறையும் 7-ஜிப்பின் சொந்த வடிவமும் பல கோப்புகளைச் சேர்த்துச் சுருக்குவதால் சிறிய பொதியைத் தருகின்றன. ஆனால் அவற்றில் நடுவே ஓரிடம் பழுதானால் அதன் பின்னுள்ளவையும் போய்விடக்கூடும்.

லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டுகளுக்குள் இருத்தல் வேண்டும். தமிழில் இது 85 குறியீட்டுப் புள்ளிகள். விண்டோஸில் 255 புள்ளிகள் வரை இடமுண்டு. கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்புப் பெயராக வைக்கும் பழக்கமுடையோரின் பொதிகள் லினக்ஸில் பிரிக்கும்போது இடையில் நின்றுவிடுவது இதனாலாகும்.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

விண்டோஸில் பொதியைச் சொடுக்கினால் அது சாதாரண அடைவு போலவே திறக்கும். இத்தோற்றம் ஏமாற்றக்கூடியது. உள்ளே உள்ள ஆவணத்தைச் சொடுக்கும்போது அதன் படி ஒன்று தற்காலிக அடைவில் வைக்கப்பட்டு, அப்படியே திறக்கப்படுகிறது. அதில் செய்யும் மாற்றங்கள் பொதிக்குள் சென்று சேர்வதில்லை. பொதிக்குள் திறந்த ஆவணத்தில் பல மணிநேரம் தட்டச்சு செய்து, மறுநாள் பொதியைத் திறந்து பழைய ஆவணத்தையே காண்பவர்கள் பலர். முதலில் பிரித்தெடுத்து, பின்னர் திறப்பதே முறை. மாற்றம் செய்தவர் கணினியை அணைக்கும் முன் தற்காலிக அடைவில் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு உண்டு.

ஜிப்பின் பழைய கடவுச்சொல் முறை வலுவற்றது. உள்ளே உள்ள ஒரு கோப்பின் சிறு பகுதி தெரிந்தாலே அதனை உடைக்கலாம் என எலி பிகாம், பால் கோச்சர் ஆகியோர் 1994 இல் காட்டினர். புதிய மென்பொருள்களில் ஏஇஎஸ் முறையைத் தெரிவு செய்யலாம். எதைத் தெரிவு செய்தாலும் வழக்கமான ஜிப் பொதியில் கோப்புப் பெயர்கள் மறைக்கப்படுவதில்லை. கடவுச்சொல் அறியாதவரும் பட்டியலைக் காணலாம். வினாத்தாள், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றைப் பொதிவோர் பெயரிடும்போதே இதனைக் கருதுதல் நன்று. கடவுச்சொல்லைத் தமிழில் வைப்பதைத் தவிர்க்கலாம். கடவுச்சொல்லின் எழுத்துகளை எந்தக் குறியேற்றத்தில் பைட்டுகளாக மாற்ற வேண்டும் என்பதில் மென்பொருள்களிடையே ஒற்றுமை இல்லை. சரியான சொல்லைக் கொடுத்தும் மற்றொரு மென்பொருளில் பொதி திறக்காமல் போகலாம்.

ரார் பொதிகளைப் பிரிக்க வின்ரார் போன்ற தனி மென்பொருள் தேவைப்பட்டது. 2023 முதல் விண்டோஸ் 11 ரார், 7-ஜிப் வடிவங்களைத் தானே திறக்கிறது. வின்ராரின் பழைய பதிப்புகளில், ஏஸ் என்னும் மறக்கப்பட்ட வடிவத்தைப் பிரிக்கும் பகுதியில் இருந்த கடும் பாதுகாப்புக் குறை 2019 இல் வெளிப்பட்டது. அம்மென்பொருள் தன்னைத்தானே இற்றைப்படுத்திக் கொள்ளாததால், பழைய பதிப்பை வைத்திருப்போர் புதிய பதிப்பைத் தாமே பதிவிறக்கி நிறுவ வேண்டும்.